பர்மாவை வைத்தேன், சிலோனை எடுத்தேன்

ஒரு மனிதரைத் தோற்கடிப்பதற்காக, ஒரு நாட்டின் பெயரை நான் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

கை தவறிச் செய்யவில்லை. யாரும் தூண்டிவிட்டுச் செய்யவில்லை. காலை ஆறு மணிக்கு முகம் கழுவி, காப்பி குடித்து, நிதானமாக உட்கார்ந்து செய்தேன். செய்துவிட்டு ஜெயித்தேன்!

அதோடு முடிந்ததா? அந்த வெற்றியை இன்றுவரை கொண்டாடிக்கொண்டும் இருக்கிறேன். அந்தக் கோப்பை இதோ, இந்த மேசையின்மேல், அறைச் சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே நிற்கிறது. காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் துடைக்கிறேன். என்னை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் பூம்பாறை. வீட்டில் பூண்டு விவசாயம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசைக்கு வந்தவள். வந்து பதினெட்டு வருடமாகிறது. மதுரையைத் தாண்டி நான் போனதில்லை. ஆனால் உலகத்தில் உள்ள எல்லா நாடுகளின் பெயர்களையும் பதின்மூன்று நிமிடத்துக்குள் என்னால் ஒப்பிக்க முடியும்.

சிரிக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர் யாராவது வந்து தங்கினால், ‘சி ஃபார்ம்’ என்று ஒரு படிவத்தை நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, நாட்டின் பெயரை எழுதுவது என் வேலை. சிவப்பு அட்டை, பச்சை அட்டை, கருநீல அட்டை... ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அப்படித்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது.

மழை மாதங்களில் லாட்ஜில் ஆள் இருக்காது. பன்னிரண்டு சாவியும் பலகையிலேயே தொங்கும். அப்படியொரு மாதத்தில்தான், தமிழில் புவியியல் புதிர் விளையாடும் இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆர்வக்கோளாறு பிடித்த நாலு பேர் சேர்ந்து நடத்தும் தளம். ஆட்டம் எளிது. ஒரு வெற்றுப் பெட்டி, பதினைந்து நிமிடம். நாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். சரியாக இருந்தால் பெட்டி காலியாகும். தப்பென்றால், அடித்த பெயர் அப்படியே நிற்கும். ஏற்கெனவே சொன்ன பெயரை மறுபடி அடித்தாலும் அப்படியேதான் நிற்கும். எத்தனை சரி என்பது, ‘முடித்தேன்’ என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் தெரியும்.

இந்த விதிகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பாவம் முழுவதும் இவற்றுக்குள்தான் இருக்கிறது.

‘மலைப்பூண்டு’ என்ற பெயரில் சேர்ந்தேன். ஆட்டத்தைவிட அதன் கீழே நடந்த சண்டைகள்தான் என்னை அங்கேயே கட்டிப்போட்டன. நாடு என்றால் என்ன? கேட்டுப் பாருங்கள், குடும்பமே இரண்டாகப் பிரிந்துவிடும். தைவானைச் சேர்க்கலாமா கூடாதா என்று மூன்று நாள் சண்டை. கொசோவோவுக்காக இரண்டு பேர் தளத்தை விட்டே வெளியேறினார்கள். வாடிகனை நாடு என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கு மனமே வரவில்லை. எங்கள் கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று வருவதற்குள் அந்த நாட்டையே சுற்றிவிடலாமே, அது என்ன நாடு என்று கேட்டார். படித்தவர்கள், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், மைல் நீளத்துக்கு எழுதுபவர்கள்... எல்லோரும் கூடிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரே ஒரு விதியோடு உள்ளே நுழைந்தேன். அதை எனக்குக் கொடுத்தவர் ஒரு விருந்தினர். படிவத்தில் நாடு என்ற இடத்தில் ‘ஸ்காட்லாந்து’ என்று எழுதினார். பாஸ்போர்ட்டில் அப்படி இல்லை. அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றார். அவருடைய ஊர்மேல் எனக்கென்ன கோபம்? பாஸ்போர்ட் அட்டையைத் திருப்பிக் காட்டி, “இதுல என்ன போட்டிருக்கோ அததான் சார் எழுதுவேன்” என்றேன். முனகிக்கொண்டே சாவியை வாங்கிப் போனார்.

அந்த விதியைத்தான் தளத்தில் போட்டேன். அட்டையில் இருக்கிறதா? இருந்தால் நாடு. இல்லையா? போய் வாருங்கள். தைவான் உள்ளே, கொசோவோ உள்ளே, வாடிகன் உள்ளே, ஸ்காட்லாந்து வெளியே. சரியோ தப்போ, அதன்பின் எவராலும் வாயைத் திறக்க முடியவில்லை! நூற்றுத் தொண்ணூற்றேழு நாடுகள் என்று பட்டியல் முடிவானது. மூன்று நடுவர்களில் ஒருத்தியாக என்னையும் சேர்த்தார்கள். மற்ற இருவரில் ஒருவர் சென்னையில் கணினி வேலை பார்ப்பவர், இன்னொருவர் கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இரண்டு பேரும் என்னை ‘மேடம்’ என்று எழுதினார்கள். பூண்டு உரித்து வளர்ந்த கைக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

எல்லாம் இருந்தும், ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை.

ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு ஆண்டுப் போட்டி. அதில் எல்லோரும் கலந்துகொள்ளலாம், நடுவர்களும்தான். முதலில் வருபவரின் பெயரும் ஊரும் அடுத்த ஆடி வரைக்கும் முகப்பில் நிற்கும், வீட்டுக்கு ஒரு கோப்பையும் வரும். இரண்டு வருடம் தொடர்ந்து நான் இரண்டாம் இடம். இரண்டு வருடமும் முதலிடம் ‘கூக்கால் ஏரி’ என்ற பெயருக்கு. சென்னைக்காரனிடம் தோற்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கூக்கால்! எங்கள் பூம்பாறையைத் தாண்டி, ஒரு நாளைக்கு நாலு பஸ்கூடப் போகாத ஊர். அங்கிருந்து ஒருவர் என்னை முந்துவதா?

அவரைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் கொஞ்சம்தான். பெயர் ராமையா. பேரிக்காய்த் தோட்டம் ஒன்றில் காவல். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலில் வந்தவர். ஊரில் யாரும் அவரை ராமையா என்று கூப்பிடுவதில்லை. ‘சிலோன்காரர்’ என்றால்தான் தெரியும். ஏரிக்கரையில் ஒரு பாறைமேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், குளிரானாலும் மழையானாலும் அதன்மேல் நின்றுகொண்டுதான் விளையாடுவாராம்.

நடுவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆட்டம் முடிந்ததும் யார் எதை, எந்த வரிசையில் அடித்தார்கள் என்ற விடைத்தாளை நாங்கள் திறந்து பார்க்கலாம். அவருடைய தாளை எத்தனை முறை பார்த்திருப்பேன்! எந்த ஆட்டமானாலும் அவருடைய முதல் விடை ஒன்றுதான். சிலோன். அதை அடித்துவிட்டுத்தான் உலகத்துக்குள்ளேயே போவார்.

அப்போது பழைய பெயர்களையும் தளம் ஏற்றுக்கொண்டிருந்தது. அவற்றை எடுக்கலாமா என்று ஒரு விவாதம் எழுந்தது. என் கட்சி எது என்று சொல்லவே வேண்டாம். அட்டையில் இல்லாத பெயர் எதற்கு? அந்த விவாதத்தில் ராமையா ஒரே ஒரு வரி எழுதினார். ‘என் பிறப்புச் சீட்டில் சிலோன் என்றுதான் இருக்கிறது. மற்றபடி நடுவர்கள் சொல்வதே முடிவு.’

மற்ற இரு நடுவர்களும் கூடிப் பேசி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மக்கள் நாவில் இன்னும் புழங்கும் பழைய பெயர்கள் இருக்கட்டும், செத்துப்போன பெயர்களை எடுத்துவிடலாம், எது எந்த ரகம் என்பதை மலைப்பூண்டு மேடம் முடிவு செய்யட்டும்.

என்னை நம்பிச் சொன்னார்கள்... என்னை!

மூன்று வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். வேலை அதிகம் என்றேன். லாட்ஜில் அப்போது இரண்டே அறையில்தான் ஆள். எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

போட்டி ஞாயிறு பதினொரு மணிக்கு. அன்று காலை ஆறு மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். பாரசீகத்தை எடுத்தேன், சயாமை எடுத்தேன், அபிசீனியாவை எடுத்தேன். அவற்றை யார் அடிக்கிறார்கள்? வெறும் அலங்காரத்துக்காக எடுத்தேன். பிறகு சிலோனை எடுத்தேன். அடுத்த வரியில் பர்மா இருந்தது.

பர்மா என்று எந்தப் பாஸ்போர்ட் அட்டையிலும் கிடையாது. என் விதிப்படி அதுவும் போக வேண்டும். ஆனால் என் கை எப்போதும் பர்மா என்றுதான் அடிக்கும். நான் உட்கார்ந்திருக்கும் இந்த மேசை பர்மாத் தேக்கு என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயர் என் விரலில் ஊறிவிட்டது. மக்கள் நாவில் புழங்கும் பெயர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பர்மாவை வைத்தேன்.

அப்படியானால் சிலோன் யாருடைய நாவிலும் இல்லையா? எங்கள் லாட்ஜ் கேண்டீன் பலகையில் அன்றைக்கும் ‘சிலோன் பரோட்டா’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. என் நாற்காலியில் இருந்து பார்த்தாலே தெரியும். பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன்.

அறிவிப்புப் பலகையில் ஒரு வரியும் போட்டேன். ‘வழக்கொழிந்த பெயர்கள் நீக்கப்பட்டன.’ எந்தெந்தப் பெயர் என்று போடவில்லை. ராமையா போட்டி நேரத்துக்குத்தான் பாறைக்கு வருவார், வந்ததும் ஆட்டத்துக்குள் போய்விடுவார், இதைப் படிக்க அவருக்கு நேரமிருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் போட்டேன்.

பதினொரு மணி. அடித்தேன்... அப்படி என் வாழ்நாளில் அடித்ததில்லை! விரல் நின்ற இடமே இல்லை. ஆப்பிரிக்காவை மூன்று நிமிடத்தில் முடித்தேன். பசிபிக் தீவுகளில் எப்போதும் திணறுவேன், அன்று அதுவும் இல்லை. பன்னிரண்டு நிமிடம் சொச்சத்தில் பொத்தானை அழுத்தினேன். நூற்றுத் தொண்ணூற்றேழு! மூச்சு வாங்கியது.

முடிவுப் பட்டியல் திரையில் ஏறியது. முதலிடம், மலைப்பூண்டு. இரண்டாமிடம், கூக்கால் ஏரி, நூற்றுத் தொண்ணூற்றாறு.

கேண்டீன் நடத்தும் மாரி அண்ணன் கரண்டியோடு ஓடிவந்தார். “அடி சக்கை, ஜெயிச்சுப்புட்டியா தாயி” என்றவர், வெள்ளனே கிண்டி வைத்திருந்த கேசரியைத் தெருவுக்கே கொடுத்தார். முதலாளி என் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் அடித்து லாட்ஜ் வாசலில் கட்டினார். தேனிலவுத் தம்பதிகளுக்கான சலுகைப் பலகைக்குப் பக்கத்தில், இரண்டு வாரம் நான் சிரித்துக்கொண்டே நின்றேன். ‘போனை நோண்டுறதுக்குப் பேரு அறிவா’ என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா, பூம்பாறை டீக்கடையில் உட்கார்ந்து, “எம்மவ ஒலகத்தையே கரைச்சுக் குடிச்சிருக்கா” என்று சொன்னாராம். அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மனம் அப்படியே நிறைந்தது. இப்போது நினைத்தாலும் நிறைகிறது. என்ன ஜென்மம் நான்!

மறுநாள் அவருடைய விடைத்தாளைத் திறந்தேன்.

முதல் வரி, சிலோன். இரண்டாம் வரியும் சிலோன். பிறகு இந்தியா, நேபாளம், பூட்டான் என்று மடமடவென்று ஓடி, பதினோராம் நிமிடத்தில் அவரே பொத்தானை அழுத்தியிருந்தார். என்னைவிட ஒரு நிமிடத்துக்கும் மேலாக முன்னால். எல்லாம் முடிந்தது, மூன்றாம் முறையும் ஜெயித்தாயிற்று என்று நினைத்துத்தான் அழுத்தியிருக்கிறார். அவருக்கு வந்த முடிவில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி. ‘விடுபட்டது: இலங்கை.’

நான் அந்தப் பெயரைத் தொடாமல் விட்டிருந்தால்? நான் மூன்றாம் வருடமும் இரண்டாம் இடம். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அவரே லாட்ஜுக்கு வந்தார். மெலிந்த ஆள், காதை மூடிய மப்ளர், கையில் ஒரு மஞ்சள் பை.

“மலைப்பூண்டு தங்கச்சி இங்கதானே இருக்காங்க?”

“நாந்தாங்க.”

“நான் கூக்கால் சிலோன்காரன். ஒங்ககிட்ட தோத்தவன்” என்று சிரித்தபடி பையை மேசைமேல் வைத்தார். பேரிக்காய். “ஜெயிச்சவங்களப் பாக்க வெறுங்கையோட வரக்கூடாதில்ல.”

உட்காரச் சொன்னேன். மாரி அண்ணன் எட்டிப் பார்த்து, “ஒக்காருங்கண்ணே, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. சூடா சிலோன் பரோட்டா போடுறேன்” என்றார்.

ராமையா வாய்விட்டுச் சிரித்தார். “போடுங்க தம்பி. எட்டு வயசு வரைக்கும் நான் அங்கதான் இருந்தேன். தோட்டத்து லய வீட்டுல ரொட்டிதான் திம்போம். இந்தப் பரோட்டாவ இங்க வந்துதான் கண்டேன்.”

சாப்பிட்டுக்கொண்டே அவராகத்தான் சொன்னார். “மொதல்ல அதத்தான் எப்பவும் அடிப்பேன் தங்கச்சி. அடிச்சேன், நின்னுச்சு. நம்ம பாறையில சிக்னல் வந்து வந்து போகும்ல, மறுபடி அடிச்சேன். அப்பவும் நின்னுச்சு. சரி, மொத தடவையே ஏறிப்போச்சு, அதான் ரெண்டாந்தரம் வாங்கலன்னு விட்டுட்டேன். அன்னைக்கு ஏரிக்கரையில ஊரே நின்னுச்சு. நான் முடிச்சிட்டேன்னு சொன்னதும் கையெல்லாம் தட்டிட்டாங்க. அப்புறந்தான் செவப்புல வந்துச்சு. சிலோன்காரரு சிலோனையே மறந்துட்டாருன்னு ஒரே சிரிப்பு.”

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “காலையிலயே அறிவிப்புப் போட்டிருந்தோம்ணே” என்றேன். அதைச் சொன்ன நாக்கு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

“அப்புறமாத்தான் பாத்தேன். தப்பு எம்மேலதான்” என்றார் அவர். “சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? பழைய பேர எடுத்தாச்சுன்னா எடுத்ததுதான்.”

எல்லாருக்கும் ஒன்றுதானே... என் இரண்டு கையும் பர்மாத் தேக்கின்மேல் இருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் கோப்பையோடு நான் நிற்கும் படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அவர் தட்டில் இருந்ததைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.

அன்று சாயங்காலமே சிலோனைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தேன். அறிவிப்புப் போடவில்லை. போட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். பர்மாவையும் அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த ஆடியும் வந்தது. அந்த முறை எதையும் தொடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டு பேரும் நூற்றுத் தொண்ணூற்றேழு. பத்தொன்பது வினாடி முந்தி நானே ஜெயித்தேன்! இது அசல் வெற்றி, யாரும் குறை சொல்ல முடியாது. கூக்காலை நேர்வழியில் அடித்தேன் என்று நாற்காலியில் இருந்து எழுந்தே குதித்தேன். குதித்த கையோடு அவருடைய தாளைத் திறந்தேன்.

முதல் வரி, இலங்கை.

அதற்கு முந்தைய வாரங்களின் தாள்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி இலங்கை. சிலோன் பட்டியலில் இருக்கிறது, அடித்தால் பெட்டி காலியாகும். அடிப்பதற்கு இருந்த ஒரே ஆள் அடிப்பதை நிறுத்திவிட்டார். நேர்வழியில் ஜெயித்த ஆட்டம் முந்தைய ஆட்டத்தைக் கழுவிவிடும் என்று நினைத்திருந்தேன். எதைக் கழுவியது? அவர் ஒரே ஒரு முறை, ஊர் முன்னால், தன் மூன்றாம் கோப்பையை வாங்கியிருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது?

போன வாரம் லாட்ஜ் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

“நாந்தான் தங்கச்சி. கூக்கால் இலங்கைக்காரன் பேசுறேன்.”

“இலங்கைக்காரனா?” என்றேன்.

“ஊர்ல இப்ப அப்படித்தான் கூப்புடுறாங்க. கேலிக்கு ஆரம்பிச்சாங்க, அதுவே நெலச்சுப்போச்சு. நானும் வீட்டுல, வெளியில எல்லாம் அப்படியே சொல்லிப் பழகிட்டேன். ஒரு வருசம் ஆச்சு வாய் திருந்த. போட்டியில தடுமாறக் கூடாதுல்ல? இந்த ஆடிக்கு ஒங்கள விடமாட்டேன் தங்கச்சி, பாத்துக்கங்க.”

“வாங்கண்ணே, பாத்துக்குவோம்” என்றேன். என் குரலில் எந்த நடுக்கமும் இல்லை. அது இன்னும் என்னைப் பயமுறுத்துகிறது.

தொலைபேசியை வைத்துவிட்டுப் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். ஆடிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, இந்த முறையும் நான்தான் ஜெயிக்க வேண்டும். பர்மா என்று அடித்தேன். பெட்டி காலியானது.